உறுமல் நின்ற வீடு

கையில் நாலு பல் இறங்கியிருக்கும். கைக்குட்டை நனைந்து தரையெல்லாம் சொட்டும். அந்தக் கையை நீட்டிக்கொண்டே சொல்வார்கள், "எங்க நாய் கடிக்கவே கடிக்காது சிஸ்டர்." பின்னே இது என்ன, கொசு கடித்ததா?

பதினோரு வருடமாக இதையே கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் ஒரு நீளமான தொட்டி, மருந்து வைக்கும் குளிர்பெட்டி, இரண்டு ஸ்டூல், ஒரு மேசை. கதவில் என்னவோ பெரிய பேராகத்தான் எழுதியிருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அது கடி ரூம். அங்கே ஊசி போடுகிற நர்ஸ் என்பதால் அவள் கடியக்கா. அந்தப் பேரை யாரோ கேலிக்கு வைத்தார்கள், இவள் கோபித்துக்கொள்ளவில்லை, ஒட்டிக்கொண்டது.

வருகிறவர்கள் சொல்வதை எல்லாம் நம்பினால் உலகத்தில் எந்த நாயும் இதுவரை தப்பே செய்ததில்லை. விளையாட்டுக்குக் கவ்வியது. முத்தம் கொடுக்க வந்தது, பல் பட்டுவிட்டது. குழந்தைதான் வாலை மிதித்தது. கடிச்சீட்டில் 'சீண்டப்பட்டதா?' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாய் வளர்க்கிறவர்கள் அதில் 'ஆம்' போடச் சொல்லித் தொங்குவார்கள். ஒன்றரை வயசுக் குழந்தைக்கும் 'ஆம்'தான். ஒன்றரை வயசு என்ன சீண்டியிருக்கும்? நாயின் பரம்பரையை இழுத்துத் திட்டியிருக்குமோ?

சீழைப் பார்த்து அவள் முகம் சுளித்ததில்லை. கிழிந்த சதையைப் பார்த்துவிட்டு அப்படியே போய்ச் சாப்பிட உட்காருவாள். அவளுக்கு அருவருப்பாக இருந்ததெல்லாம் இந்தப் பேச்சுதான். காயத்தைக் கழுவிவிடலாம், இந்தப் பூசி மெழுகுவதை எந்த சோப்புப் போட்டுக் கழுவுவது என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள்.

அந்த வீட்டிலேயே ஒரு நாள் மேஜர் என்கிற நாய் வந்து இறங்கியது.

அப்பா விட்டுப்போன வீடு. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட அவள் மாடியில் இருந்தாள். கீழே தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மூன்று வயசு வாண்டு. தம்பிக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்துகிற தொழில். ஊரையெல்லாம் பயமுறுத்திப் பிழைக்கிறவனுக்குத் தன் பயம் முதலில் தொற்றிக்கொண்டது. வீட்டைச் சுற்றி எட்டுக் கேமரா மாட்டினான். எட்டுக் கண்ணும் போதவில்லை. மலைமேல் ஆட்டு மந்தைக்குக் காவல் நின்று ஓநாயின் குரல்வளையைப் பிடித்து உலுக்குகிற நாய் ஜாதி ஒன்று உண்டென்று எங்கேயோ படித்தான். மூன்றாம் மாதமே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அறுபத்தைந்து கிலோ. கழுத்தைச் சுற்றி இரண்டு போர்வை கனத்துக்கு முடி. மலையில் திரிய வேண்டியதைக் கொண்டுவந்து, கார் நிற்கிற இடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கட்டிப்போட்டான். அங்கே ஓநாய் எங்கிருந்து வரும்? தபால்காரர்தான் வருவார்.

"வாண்டுக்காகத்தான்கா. நாம கண்ணு அசர்ற நேரத்துல அவளுக்கு ஒரு காவல் வேண்டாமா?" என்றான்.

காவலுக்கு வந்த மேஜர் முதல் மாதமே வாண்டைப் பார்த்து உறுமியது. அது சாப்பிடும்போது குழந்தை கிட்டத்தில் வந்தால் வட்டிலிலிருந்து தலையை எடுக்காமலே அடித்தொண்டையில் ஒரு சத்தம். குழந்தை நின்றுவிடும். தம்பி மனைவி ஓடிவந்து தூக்கிக்கொள்வாள்.

கடியக்காவுக்கு அந்தச் சத்தம் கெட்டதாகப் படவில்லை. "கிட்ட வராதேன்னு சொல்லுதுடா. சொல்லிட்டுக் கடிக்கிறது யோக்கியமான நாய். அதுக்குத் தனியா ஒரு கதவு வெச்சு அடைச்சுச் சோறு போடு. குழந்தையை அது பக்கமே விடாதே," என்றாள்.

"நீ கடி ரூம்லயே கிடந்து எதைப் பாத்தாலும் கடியாத் தெரியுது உனக்கு," என்று சிரித்தான் தம்பி.

கதவு வைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு பட்டை வந்தது. பார்க்கச் சாதாரணக் கழுத்துப்பட்டை. உள்பக்கம் மட்டும் இரண்டு இரும்பு முள், தொண்டையில் அழுந்துகிற மாதிரி. தொண்டை அதிர்ந்தால் பட்டைக்குத் தெரிந்துவிடும். உடனே அந்த முள் வழியே ஒரு கரண்ட். நாய் உறுமத் தொடங்கும், வெடுக்கென்று தலையை உதறும், நிறுத்திவிடும். மறுபடி உறுமும், மறுபடி உதறும். நாலாம் நாள் தண்ணீர் குடிக்கவே யோசித்தது. பத்தாம் நாள் உறுமல் அடியோடு நின்றது.

"பாத்தியா, பத்தே நாள்ல சாது ஆக்கிட்டேன்!" தம்பி மார்தட்டினான்.

பட்டையைக் கழற்றினால் பழைய புத்தி திரும்பிவிடுமாம், அதனால் இரவு பகல் அதன் கழுத்திலேயே கிடந்தது. குளிப்பாட்டும்போதும் கழற்றவில்லை.

உறுமல் நின்ற தைரியத்தில் வீடியோ தொடங்கியது. வாண்டு மேஜரின் மேல் படுத்திருப்பாள். மேஜரின் காதுக்குள் விரலை விடுவாள். அது சாப்பிடச் சாப்பிட வட்டிலில் கையை விட்டு எடுத்துக் காட்டுவாள். தம்பி பின்னாலிருந்து, "பாருங்க நண்பர்களே, ஒரு சின்ன உறுமல் உண்டா?" என்பான். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். இதய அடையாளமாகக் குவிந்தது. கேமரா வியாபாரமும் கூடவே சூடு பிடித்தது.

அந்த வீடியோக்களில் மேஜர் என்ன செய்கிறது என்று கடியக்காவுக்குத் தெரியும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறது, பசியில்லாதபோதும் உதட்டை நக்குகிறது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறது. வாயை அடைத்துவிட்டார்கள், மிச்சம் இருக்கிற உடம்பால் கெஞ்சுகிறது. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "உன் தங்கமான வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு அக்கா," என்றான் தம்பி. அதற்குப் பிறகு சும்மாதான் இருந்தாள். ஒன்றையும் மறைப்பானேன், எக்ஸ்ரே அறைப் பெண்ணிடம் "எங்க வாண்டு, பாரேன்" என்று அதே வீடியோவைக் காட்டிப் பெருமைப்பட்டதும் இதே கடியக்காதான்.

இதற்கு நடுவில் சிலிண்டர்காரர் விவகாரம் வந்தது.

சமையல் எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறவர் அவர். ஐம்பது வயசு, பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வருகிற ஆள். கேட்டுக்குள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவரின் முன்னங்கையை மேஜர் பிடித்தது. கடி ரூமுக்கு நடந்தே வந்தார்.

"சத்தமே போடலம்மா. பொம்மை மாதிரி நின்னுச்சு. நான் தாண்டிப் போறேன், திடீர்னு கை அது வாயில இருக்கு," என்றார். அவருக்குக் கடித்ததைவிட அந்த மௌனம்தான் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

தொட்டியில் கையை வைத்துக் கழுவிக்கொண்டிருந்தபோதே தம்பியின் போன் வந்தது. "அக்கா, தெரு நாய்னு எழுதிடு. வீட்டு நாய்னு எழுதினா நகராட்சி ஆளு வந்து நிப்பான். நாயைத் தடவிப் பாக்கறேன், பத்து நாள் கூண்டுல வெச்சுப் பாக்கறேன்னு ஆரம்பிப்பான். வெளியில தெரிஞ்சா என் பேரு நாறிடும். வாண்டு வீடியோ எல்லாம் அவ்வளவுதான்."

"டேய், இது..."

"நான் உன் தம்பிக்கா."

அவள் சிலிண்டர்காரரைப் பார்த்தாள். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "உங்க வீடுன்னா விடுங்கம்மா. தெரு நாய்னே போட்டுக்குங்க. நாளைக்கும் நான் அதே தெருவுக்குத்தானே வரணும்," என்று சிரித்தார்.

போட்டாள். பதினோரு வருடம் ஊரார் பூசியதைப் பார்த்து முகம் சுளித்தவள், தன் கையாலேயே பூசினாள். இரண்டு சொல்தானே, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டு நாய் என்றால் பத்து நாள் பார்த்துவிட்டு, நாய் நன்றாக இருந்தால் கடைசி இரண்டு ஊசியை விட்டுவிடலாம். தெரு நாய்க்கு அப்படி முடியாது, ஐந்தும் போட வேண்டும். பதினாலாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு வந்து, தேவையில்லாத ஊசிக்குத் தோளைக் காட்டினார். அவளும் மனசாட்சியே இல்லாமல் குத்தினாள். "உங்க கை வலிக்கவே வலிக்காதும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தன் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் சீட்டைத் திருத்தவும் இல்லை.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு விடுமுறை நாள். காலை பத்து மணி இருக்கும், மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே தம்பியின் குரல்.

"வாண்டு, மேஜரைக் கட்டிப்பிடிச்சுக்கோ. அப்படி இல்ல, கழுத்தைச் சேத்துப் பிடி. இன்னும் இறுக்கி. நான் உறுமவே மாட்டேன்னு மேஜர் சொல்லுதாம், நீயே கேட்டுச் சொல்லு."

எட்டிப் பார்த்தாள். மேஜரின் வால் காலுக்கு நடுவில் இருந்தது. உடம்பு கல்லாக நின்றது. முகத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பிக்கொண்டிருந்தது.

"டேய்! குழந்தையை எடுடா!"

தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையைத் தூக்கி, "ஷ்ஷ்! சத்தம் பதிவாகுதுக்கா," என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏன் மூடினாள்? வீடியோ கெட்டுவிடுமே என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள், அதனால்தான். வாண்டு பட்டையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை அதில் புதைத்தாள். உறுமல் இல்லை, குரைப்பு இல்லை. மேஜர் தலையைத் திருப்பியது, அவ்வளவுதான். அடுத்து கேட்டது குழந்தையின் அலறல்.

ஒரே கடி. உடனே விட்டுவிட்டு, நாயே மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாண்டின் இடது கன்னம் கண்ணுக்கு ஒரு விரல் கீழேயிருந்து வாய் ஓரம் வரை திறந்திருந்தது.

கடி ரூம் சாவி கடியக்காவிடம் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கே ஓடினார்கள். கடித்த காயத்தைப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அவள் எத்தனை தாய்மார்களிடம் "அழாதீங்க, பிடிச்சுக்குங்க" என்று அதட்டியிருக்கிறாள். இப்போது தம்பி மனைவி குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. "அத்தை, வேணாம் அத்தை, போதும் அத்தை," என்று குழந்தை கதறக் கதற, அத்தைதான் கழுவினாள். பதினைந்து நிமிடம் அவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அடுத்து மருந்தைக் காயத்தின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னதாகக் குத்தி இறக்க வேண்டும். அந்த மருந்தை மருந்தறையிலிருந்து எடுக்க வெளியே போனபோது தம்பி நடைக்கூடத்தில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். மகளுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்காவது சொல்கிறான் என்று நினைத்தாள். நாலாம் நம்பர் கேமராவின் பதிவு திரையில் இருந்தது. அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினான். இவளைப் பார்த்ததும் கொஞ்சம்கூடக் கூசாமல், "நாளைக்கு யார் கண்ணுலயாவது பட்டா வம்பு," என்றான். அவளுக்கு அவன் முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது. மருந்து எடுக்க வேண்டியிருந்தது, நேரமில்லை.

மருந்தறைக் குளிர்பெட்டியைத் திறந்து மருந்தைச் சரிபார்த்து எடுத்து வருவதற்குள் அவன் உள்ளே போய்க் குழந்தையின் காதோடு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். இவள் வந்ததும் விலகி நின்றான். மருந்து போட்டாயிற்று, மரத்துப்போகிற ஊசி போட்டாயிற்று, டாக்டரம்மா வந்து தளர்வாக ஏழு தையல் போட்டாள். சின்ன வயசு டாக்டர், பொறுமைசாலி. தைத்து முடித்துக் கடிச்சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலைக் குழந்தைக்கு எதிரே இழுத்துப் போட்டாள்.

"தெரு நாய் டாக்டர். கேட் திறந்திருந்துச்சு, உள்ள வந்துடுச்சு," என்றான் தம்பி.

டாக்டரம்மா அவனை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். "எந்த நாய் கடிச்சுதுடா கண்ணா?"

வாண்டுக்குப் பாதி முகம் மரத்திருந்தது. இருக்கிற பாதி வாயால் சொல்லைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். "தெரு நாய்."

"சமத்து," என்றான் தம்பி.

குழந்தை உடனே அவன் பக்கம் திரும்பியது. "சொல்லிட்டேன்ப்பா. இப்ப மேஜரைக் கொண்டுபோக மாட்டாங்கல்ல?"

டாக்டரம்மா பேனாவை மூடினாள். தம்பி, "குழந்தை வலியில உளறுது," என்று இளித்தான். கன்னம் கிழிந்து கிடக்கிற மகளைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்துவிட்டு இளிக்கிறான். தன் கூடப் பிறந்தவன் என்று நினைக்கவே கடியக்காவுக்கு உடம்பு கூசியது. அந்தப் பொய்யை அந்த வீட்டுக்குள் முதலில் எழுதிக் கொடுத்தது யார் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை அப்போதைக்குத் தள்ளிவைத்தாள்.

"கொடுங்க டாக்டர், நான் எழுதறேன்," என்று சீட்டை வாங்கினாள். வீட்டு நாய். வளர்ப்பவர், தம்பியின் பேர், முகவரி. 'சீண்டப்பட்டதா?' என்ற கட்டம் வந்தது. 'ஆம். குழந்தையின் அப்பாவால்' என்று எழுதினாள்.

"அக்கா!"

"வாயைத் திறந்தே, பல்லைத் தட்டிடுவேன்."

எழுதிக் கொடுத்ததும் மனசு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தம்பி மனைவி தன்னை நன்றியோடு பார்ப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் பார்க்கவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

முகத்தில் கடி, அதுவும் குழந்தை என்பதால் நகராட்சி ஆள் மத்தியானமே வந்துவிட்டார். நாய் பிடிக்கிற வலைவண்டி ஓட்டுகிறவர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கையில் நீளக் கழி. தம்பி ஒதுங்கி நின்றான். கடியக்காதான் கேட்டைத் திறந்துவிட்டாள். கழியே தேவைப்படவில்லை. மேஜர் தானாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. அவர் அதன் வாய்க்கு ஒரு கூடு மாட்டினார், பட்டையைக் கழற்றக் கொக்கியைத் தேடினார்.

"இது ஏன் இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கு?"

முடியை விலக்கினார். நாற்றம் அப்போதுதான் வந்தது. இத்தனை நாளும் இருந்த நாற்றம்தான், நாய் என்றால் நாறத்தானே செய்யும் என்று எல்லோரும் விட்டிருந்தார்கள். பட்டையை மெதுவாக இழுத்தபோது தோலும் கூடவே வந்தது. முள் இரண்டும் தொண்டைச் சதைக்குள் இறங்கிப் புதைந்திருந்தன. எடுத்த இடத்தில் பட்டாணி போகிற அளவுக்கு இரண்டு குழி. குழியைச் சுற்றிப் பச்சையாகச் சீழ். ஒன்றுக்குள் புழு நெளிந்தது.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கடியக்காவுக்குப் புண்ணைப் பார்த்துக் குமட்டியது. குழாயடிக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தாள். ஊரில் உள்ளவர்கள் புண்ணையெல்லாம் துடைக்கிறவள், தினமும் மாடிப்படியில் ஏறி இறங்கும்போது இந்த நாயைத் தாண்டித்தான் போனாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த முடியை விலக்கிப் பார்க்கவில்லை.

"ஒரு மாசத்துக்கு மேல ஆன புண்ணு," என்றார் வலைவண்டிக்காரர். "இதைப் பிடிச்சு இறுக்கினா நீங்களும் கடிப்பீங்க, நானும் கடிப்பேன். இது அப்பப்ப உறுமியிருக்குமே, யாருமே கவனிக்கலையா?"

தம்பிக்கு மட்டும் முகம் தெளிந்தது. "பாத்தியாக்கா, நான்தான் சொன்னேன்ல! மேஜர் மேல தப்பே இல்ல. வலியில கடிச்சிருக்கு." சொல்லிக்கொண்டே போனை எடுத்து அந்தப் புண்ணுக்கு நேரே நீட்டினான். குரல் மாறியது. "நண்பர்களே, இன்னைக்கு ரொம்ப வேதனையான ஒரு விஷயம் உங்ககிட்ட..."

"போனை உள்ள வைய்யா," என்றார் வலைவண்டிக்காரர். இருபது வருடமாக நாய் பிடிக்கிறவர், அவருக்கே முகம் கோணிவிட்டது.

தம்பி மனைவி அப்போது வெளியே வந்தாள். ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் தூங்குகிற வாண்டு. தெருவில் வாடகைக் கார் நின்றது. கடியக்கா ஓடிப்போய் மறித்தாள்.

"எங்கம்மா போறே? இவன்கூட இருக்க வேண்டாம், சரி. மாடிக்கு வா. நான் இருக்கேன். குழந்தைக்கு நாள் தவறாம ஊசி போடணும், கட்டு மாத்தணும். என்கிட்ட இருந்தா பத்திரமா இருப்பா."

தம்பி மனைவி நின்றாள். காலையிலிருந்து பேசாத குரல், கரகரத்தது.

"உங்ககிட்டயா அண்ணி?"

"ஏம்மா, நான்தானே இன்னைக்கு உண்மையை எழுதினேன்?"

"அந்த சிலிண்டர்காரருக்கு எழுதியிருக்கலாமே. அன்னைக்கே இந்த வலைவண்டிக்காரர் வந்திருப்பாரு. அன்னைக்கே அந்தப் பட்டையைக் கழட்டியிருப்பாரு." குழந்தையின் தலையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க தம்பி ஒண்ணும் தெரியாத முட்டாள். நீங்க தெரிஞ்சவங்க. உங்களை நம்பித்தான் நான் பயப்படாம இருந்தேன்."

கடியக்கா வழியை விட்டாள்.

வண்டிக்குள் மேஜரை ஏற்றிவிட்டுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த வலைவண்டிக்காரர் தலையை நிமிர்த்தினார். "எந்த சிலிண்டர்காரர்? இதுக்கு முன்னாடியும் கடிச்சிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்," என்று தம்பி முந்திக்கொண்டான். "அக்கா, சொல்லேன். அது தெரு நாய்தானே?" அவன் அவளைப் பார்த்த பார்வையில் கவலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைத்த நாளிலிருந்து அவள் அவனுக்காகச் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்து அந்தப் பார்வைக்குத் தைரியம் கொடுத்திருந்தது. கொஞ்சம் பொறு, அவள் போகட்டும், ரெண்டு நாளில் திரும்பி வருவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று கண்ணாலேயே சொன்னான்.

காரின் பின்கதவு மூடியது.

"கடிச்சிருக்கு," என்றாள் கடியக்கா. "முப்பத்தஞ்சு நாளைக்கு முன்னாடி. வலது முன்னங்கை, நாலு பல்லு. ஆஸ்பத்திரிச் சீட்டுல தெரு நாய்னு இருக்கும். அப்படி எழுதினது நான்தான். பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

"ஐயோ, வேலை போயிடுமேக்கா!" என்றான் தம்பி.

வலைவண்டிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு புதுச் சீட்டை எடுத்தார். "மெதுவா, முதல்லேருந்து சொல்லுங்க," என்றார். அவள் முதலிலிருந்து தொடங்கினாள். தம்பி மனைவிக்கும் கேட்கட்டும் என்றுதான் குரலை உயர்த்தினாள். கார் அதற்குள் தெருமுனையைத் திரும்பிவிட்டிருந்தது.